களை எது? பயிர் எது?

கணிப்பொறியின் பின்னணியில் ஓடும் நிரல்களில் நிறுத்தத்தக்கவையும் நிறுத்தலாகாதவையும்

தையல் இயந்திரத்தைப் போலவும் மிதிவண்டியைப் போலவும் கணிப்பொறியும் இன்று இல்லத்தின் அன்றாடப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. பிள்ளைகளின் பாடம், பெற்றோரின் அலுவல், மாதாந்தர வரவு செலவுக் கணக்கு, அயல்நாட்டில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுதல், பல்லாண்டுக் குடும்பப் புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. வாங்கிய புதிதில் பொத்தானை அழுத்தியதும் விழித்தெழுந்த அந்தப் பொறி, நான்கைந்து ஆண்டுகள் சென்றபின், ஒரு குவளைக் காப்பியைக் குடித்து முடிக்கும் வரையிலும் கண் விழிப்பதில்லை. அப்போது அண்டை வீட்டார் ஒருவர், "உள்ளே வேண்டாத நிரல்கள் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றையெல்லாம் நிறுத்திவிடுங்கள், வேகம் தானாக வந்துவிடும்" என்று அறிவுரை கூறுகிறார். வீட்டிலுள்ள இளைஞனும் ஆர்வத்தோடு அமர்ந்து ஒவ்வொன்றாக நிறுத்துகிறான். மறுநாள் அச்சுப்பொறி அச்சிட மறுக்கிறது; அல்லது ஒலி கேட்பதில்லை; அல்லது இணையமே வந்து சேர்வதில்லை.

அறிவுரை முற்றிலும் பொய்யன்று; ஆனால் அது பாதி உண்மையே. நிறுத்தத்தக்கவை உண்டு; ஒருபோதும் தொடலாகாதவையும் உண்டு; நம் வீட்டுத் தேவையைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டியவையும் உண்டு. இம்மூன்றையும் எவ்வாறு இனம் பிரிப்பது? பெரும்பாலான இல்லங்களில் உள்ள விண்டோஸ் கணிப்பொறியை முன்வைத்து இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

திரைக்குப் பின்னால் உழைப்போர்

ஒரு திருமண வீட்டை எண்ணிப் பாருங்கள். பந்தலில் அமர்ந்திருப்போரை எல்லாரும் காண்கின்றனர். பின்கட்டில் அடுப்பருகே நிற்பவரையும், தண்ணீர் இறைப்பவரையும், விளக்குகளைக் கவனிப்பவரையும் எவரும் காண்பதில்லை. ஆயினும் அவர்கள் கைகட்டி நின்றுவிட்டால் விருந்து நடைபெறாது. கணிப்பொறியிலும் அவ்வாறே. நாம் திறந்து வைத்திருக்கும் கடிதமும் படமும் பந்தலில் இருப்பவை. ஒலியை எழுப்புவது, கம்பியில்லா இணைப்பைத் தேடுவது, அச்சிடவேண்டிய தாள்களை வரிசைப்படுத்துவது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது முதலிய பணிகளைச் செய்யும் நிரல்கள் பின்கட்டில் உழைக்கின்றன. விண்டோஸ் இவற்றுள் பலவற்றைச் 'சர்வீஸ்' என்று அழைக்கிறது.

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் இத்தகைய நிரலுக்கு 'டீமன்' என்று பெயர். பெயரைக் கேட்டு நம் அன்பர்கள் திடுக்கிட வேண்டியதில்லை. 1867-இல் இயற்பியல் அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், கண்ணுக்குப் புலப்படாமல் ஓயாது மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு சிற்றுருவைக் கற்பனை செய்தார்; பின்னர் அது 'மேக்ஸ்வெல்லின் டீமன்' எனப் பெயர் பெற்றது. 1963-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், பின்னணியில் சலியாது உழைக்கும் நிரல்களுக்கு அப்பெயரையே சூட்டினர். தீயதை அன்று, ஓயாத உழைப்பையே அப்பெயர் குறிக்கிறது.

பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டாம்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகை திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும் அனைத்தும், அவை எடுத்துக்கொள்ளும் நினைவகமும் அங்கே வரிசையாகத் தென்படும். நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களை ஒரே நேரத்தில் கண்டு பலர் மருள்கின்றனர். பெரும்பாலோரை மயக்கும் இரண்டு பெயர்களைப் பற்றி இங்கே தெளிவுபடுத்திவிடுவோம்.

முதலாவது, 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்'. விரிவான பட்டியலில் இது 95, 98 விழுக்காடு என்று பெரிய எண்ணைக் காட்டும். "இதுவன்றோ பொறியை விழுங்குகிறது!" என்று சிலர் பதறுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. கணிப்பொறியின் செயலகம் வேலையின்றி ஓய்ந்திருக்கும் நேரத்தின் அளவே அந்த எண். எண் உயர உயர, பொறி அத்துணை ஓய்வாக இருக்கிறது என்பதே பொருள்.

இரண்டாவது, 'எஸ்விசி ஹோஸ்ட்'. இப்பெயர் ஒரே பட்டியலில் ஐம்பது, அறுபது முறைகூடத் தோன்றும். இது பல சர்வீஸ்களுக்கு இடமளிக்கும் ஒரு விடுதி போன்றது. முன்னர் ஒரே விடுதியில் பல சர்வீஸ்கள் சேர்ந்து தங்கின. ஒன்று பழுதுற்றால் மற்றவையும் வீழ்ந்தன. 2017-இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், 3.5 கிகாபைட்டுக்கு மேல் நினைவகமுள்ள கணிப்பொறிகளில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி விடுதி தரப்பட்டது. ஆகவே எண்ணிக்கை பெருகியது நோயின் அறிகுறி அன்று, ஏற்பாட்டின் மாற்றமே.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தீய நிரல்கள் இத்தகைய பெயர்களைச் சிறிது திரித்துச் சூடிக்கொண்டு வருவதுண்டு. பெயரின்மேல் வலப்புறச் சுட்டியை அழுத்தி, கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பார்க்கவேண்டும். உண்மையான எஸ்விசி ஹோஸ்ட், விண்டோஸ் உறைக்குள் இருக்கும் 'சிஸ்டம் 32' என்னும் உறையில் குடியிருக்கும். வேறெங்கோ ஒரு மூலையில் அதே பெயருடைய கோப்பு ஓடுமாயின், ஐயுற்று ஆராய்வது அறிவுடைமை.

தொடவே கூடாதவை

சில நிரல்கள் வீட்டின் அடித்தளத் தூண்களைப் போன்றவை. 'சிஎஸ்ஆர்எஸ்எஸ்', 'வின்இனிட்' ஆகியவற்றை வலிந்து நிறுத்தினால், நீலத்திரையோடு கணிப்பொறி அக்கணமே நின்றுபோகும். நுழைவோர் இன்னார் எனச் சரிபார்க்கும் 'எல்சாஸ்' என்னும் காவலாளி வீழ்ந்தால், பொறி தன்னைத் தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும்.

இதனை உலகமே ஒருமுறை அனுபவித்தறிந்தது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் 'சாசர்' என்னும் கணிப்பொறிப் புழு, எல்சாஸில் இருந்த ஒரு குறையைப் பற்றிக்கொண்டு பரவியது. பயனர் எந்த மடலையும் திறக்கவில்லை. எந்த இணைப்பையும் தொடவில்லை. இணையத்தோடு சேர்ந்திருந்ததே போதுமானதாயிற்று. அறுபது விநாடியில் அணையப்போவதாக அறிவித்துவிட்டுக் கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அணைந்தெழுந்தன. அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு ஏப்ரல் 13-ஆம் நாளே வெளியிட்டிருந்தது என்பதை இங்கே கருத்தில் கொள்ளவேண்டும். திருத்தத்தைப் பெற்றோர் தப்பினர், பெறாதோர் இடர்ப்பட்டனர்.

ஆகவேதான் 'விண்டோஸ் அப்டேட்' என்னும் சர்வீஸை நிறுத்துங்கள் என்று எவர் கூறினாலும் செவிசாய்க்க வேண்டாம் என்கிறோம். இணையக் கட்டணம் மிச்சமாகும் என்பதும், பொறி இடையிடையே தொல்லை தராது என்பதும் உண்மையே. ஆனால் அதன் விலை பெரிது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் நிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டி, மீட்புப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அத்தாக்குதலைத் தடுக்கும் திருத்தமும் அதற்கு ஏறத்தாழ இரண்டு திங்களுக்கு முன்னரே, மார்ச் 14 அன்று வெளிவந்திருந்தது! பூட்டப்பட்டவை வெறும் கோப்புகள் அல்ல. இல்லம் ஒன்றில் இது நேர்ந்தால், மறைந்த பெற்றோரின் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகளும் நொடியில் கைவிட்டுப் போகும். தொல்லை தருகிறதெனில், திருத்தங்கள் நிறுவப்படும் நேரத்தை இரவுக்கு மாற்றிக்கொள்ள விண்டோஸிலேயே வழி உண்டு, நிறுத்துவதற்கு அவசியமில்லை.

தீயரண், நச்சுநிரல் தடுப்பு, 'ரிமோட் புரொசீஜர் கால்', 'பிளக் அண்டு பிளே', இணைய முகவரி பெற்றுத் தரும் 'டிஎச்சிபி கிளையன்ட்', கம்பியில்லா இணைப்பைக் கவனிக்கும் 'டபிள்யூலேன் ஆட்டோ கான்பிக்', 'விண்டோஸ் ஆடியோ' ஆகியவையும் இப்பட்டியலில் அடங்கும். கடிகாரத்தைச் சரிபார்க்கும் 'விண்டோஸ் டைம்' ஒரு சிறு பணியாகத் தோன்றலாம். ஆனால் கணிப்பொறியின் தேதி பெரிதும் பிறழ்ந்தால், வங்கித் தளம் முதலியவற்றின் பாதுகாப்புச் சான்று காலாவதியானதாகக் கருதப்பட்டு, உலாவி உள்ளே விட மறுக்கும். சிறியோரை இகழாமை கணிப்பொறிக்கும் பொருந்தும்.

வதந்தியை நம்பிக் கெட்ட கதை

2001-ஆம் ஆண்டில் ஒரு மின்மடல் உலகெங்கும் சுற்றியது. கணிப்பொறியில் 'சல்ப்என்பிகே' என்னும் கோப்பு இருந்தால் அது நச்சுநிரல், உடனே அழித்துவிடுங்கள், நண்பர்களுக்கும் தெரிவியுங்கள் என்றது அம்மடல். தேடிப் பார்த்தவர்கள் அக்கோப்பு தம்மிடமும் இருக்கக் கண்டு நடுங்கி அழித்தனர். நல்லெண்ணத்தோடு பிறருக்கும் எழுதினர். உண்மையில் அது விண்டோஸோடு வந்த கருவி. நீண்ட கோப்புப் பெயர்களை மீட்டுத் தருவது. அடுத்த ஆண்டே, கரடிக்குட்டிப் படம் பொறித்த மற்றொரு நல்ல கோப்பைப் பற்றியும் அதே கதை திரும்பவும் நடந்தது. நச்சுநிரல் ஏதும் வரவில்லை. மக்களே தம் கைகளால் நச்சுநிரலின் வேலையைச் செய்து முடித்தனர்!

இன்று மடலுக்குப் பதிலாகக் கைப்பேசியில் காணொளி வருகிறது. "இந்த முப்பது சர்வீஸ்களை நிறுத்துங்கள்" என்று ஒருவர் அடுக்குகிறார். அவருடைய கணிப்பொறி வேறு, நம்முடையது வேறு. அவருக்கு அச்சுப்பொறி இல்லாதிருக்கலாம், நமக்கு இருக்கலாம். பிறர் உண்ட மருந்தை நோயறியாமல் நாமும் உண்ணலாமோ?

நம் தேவையைப் பொறுத்தவை

இவ்வகைக்குச் சிறந்த சான்று 'பிரிண்ட் ஸ்பூலர்'. அச்சிடவேண்டியவற்றை வரிசைப்படுத்தி அச்சுப்பொறிக்கு அனுப்புவது இதன் கடமை. அச்சுப்பொறியே இல்லாத வீட்டில் இதனை நிறுத்துவதால் பெரிய இழப்பு ஏதுமில்லை. 2021-ஆம் ஆண்டு இதில் 'பிரிண்ட் நைட்மேர்' எனப் பெயர் பெற்ற ஒரு பெருங்குறை வெளிப்பட்டபோது, அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு ஜூலை 13 அன்று ஓர் அவசர ஆணையைப் பிறப்பித்தது. அரசு அலுவலகங்களின் வலையமைப்பை ஆளும் தலைமைக் கணிப்பொறிகளில் இந்தச் சர்வீஸை நிறுத்திவிடவேண்டும் என்பதே அவ்வாணை. ஏனெனில் அத்தகைய கணிப்பொறிகளிலிருந்து எவரும் அச்சிடுவதில்லை. பயன்படாத கதவைத் திறந்து வைப்பானேன்? ஆனால் விண்ணப்பங்களும் வினாத்தாள்களும் அச்சிடும் வீட்டில் இதே சர்வீஸை நிறுத்துவது, சமையல்காரரை அனுப்பிவிட்டு இலை போடுவதை ஒக்கும். அங்கே தேவைப்படுவது திருத்தத்தைப் பெற்றுக்கொள்வதே.

'புளூடூத்' சர்வீஸும் அத்தகையதே. கம்பியில்லாச் செவிப்பொறியோ சுட்டியோ இருந்தால் வேண்டும், இல்லையேல் வேண்டாம். 'விண்டோஸ் சர்ச்' நம் கோப்புகளுக்கு முன்கூட்டியே ஓர் அட்டவணை தயாரிக்கிறது. அதனை நிறுத்தினால் பின்னணிச் சுமை குறையும். ஆனால் தேடும்போது நெடுநேரம் காத்திருக்கவேண்டும். 2007-இல் விஸ்டாவோடு 'சூப்பர்பெட்ச்' என்ற பெயரில் இல்லங்களுக்கு வந்து, இன்று 'சிஸ்மெயின்' என வழங்கும் சர்வீஸ், நாம் அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்னரே நினைவகத்தில் எடுத்து வைக்கிறது. சுழலும் வன்தட்டு உள்ள பொறிகளை மனத்திற்கொண்டு அமைந்தது இது. வன்தட்டு எந்நேரமும் நூறு விழுக்காடு உழைப்பதாகக் காட்டினால், இதனைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்து, பயன் தெரியாவிடில் மீண்டும் இயக்கிவிடலாம்.

தயக்கமின்றி நிறுத்தத்தக்கவை

வேகக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணமானவை விண்டோஸின் சர்வீஸ்கள் அல்ல. நாமே பின்னர் நிறுவிய நிரல்கள்தாம். பாட்டுக் கேட்கும் நிரல், உரையாடல் நிரல், விளையாட்டு நிரல், அச்சுப்பொறி நிறுவனம் தந்த உதவியாளன், கணிப்பொறியை விற்ற நிறுவனம் சேர்த்தனுப்பிய விளம்பர நிரல் ஆகிய யாவும், "பொறி விழித்ததும் நானும் விழிப்பேன்" என்று தாமே பெயர் பதிந்துகொள்கின்றன. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், டாஸ்க் மேனேஜரிலேயே தொடக்க நிரல்களுக்கென ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதையும் அது குறைவு, நடுத்தரம், மிகுதி என மதிப்பிட்டுக் காட்டும். அங்கே ஒன்றை முடக்கினால் அந்நிரல் அழிந்துவிடாது. தானாக எழாது, அவ்வளவே. நாம் வேண்டும்போது திறந்துகொள்ளலாம். முதற்படியாக இதைச் செய்வதே அறிவுடைமை. பலருக்கு இதற்குமேல் தேவையும் இராது.

விண்டோஸின் சர்வீஸ்களுள்ளும் நிறுத்தத்தக்கவை சில உண்டு. தொலைநகல் பயன்படுத்தாதோருக்கு 'பேக்ஸ்' வேண்டாம். விளையாடாதோருக்கு எக்ஸ்பாக்ஸ் சர்வீஸ்கள் வேண்டாம். மைக்ரோசாப்ட் நிறுவனமே காலப்போக்கில் சிலவற்றை நிறுத்தியுள்ளது. வலையமைப்பில் சிறுசெய்தி அனுப்ப எழுந்த 'மெசஞ்சர்' சர்வீஸை விளம்பரதாரர்கள் தவறாகப் பயன்படுத்தியதால், 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி இரண்டாம் திருத்தத் தொகுப்பில் அது முடக்கப்பட்டது. வான்னாகிரை நுழைந்த பழைய கோப்புப் பகிர்வு முறையும் 2017 இறுதியிலிருந்து புதிய விண்டோஸ் பதிப்புகளில் இயல்பாக நிறுவப்படுவதில்லை.

வேரோடு பின்னிய களை

தீயதென உறுதியாகத் தெரிந்த நிரலையும் ஆத்திரத்தில் பிடுங்கலாகாது. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் ஒரு செய்தியை வெளியிட்டார். சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற சில இசைத்தட்டுகள், படியெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு, கணிப்பொறியில் தம்மை மறைத்துக்கொள்ளும் ஒரு நிரலை நிறுவுகின்றன என்பதே அச்செய்தி. அதன் கோப்புகளை அவர் அழித்தார். விளைவு யாது? கணிப்பொறியிலிருந்து குறுந்தகடு இயக்கியே மறைந்துபோயிற்று! அந்நிரல் இயக்கியின் வழியில் தன்னைப் பின்னிக்கொண்டிருந்ததே காரணம். அவர் வல்லுநராதலின் அம்முடிச்சையும் அவிழ்த்துச் சீராக்கினார். மற்றவர் என் செய்வர்? எதிர்ப்பு வலுத்தபின் நிறுவனம் அத்தட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. களை பறிக்கச் சென்றவர் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கடைப்பிடிக்க வேண்டிய முறை

1. முதலில் முக்கியக் கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்து வையுங்கள். 'சிஸ்டம் ரீஸ்டோர்' வாயிலாக ஒரு மீட்புப் புள்ளியையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

2. பெயரை அறிந்துகொள்ளுங்கள். அது என்ன செய்கிறது, யார் உருவாக்கியது என்று தெரியாத எதனையும் நிறுத்தாதீர்கள்.

3. சர்வீஸின் விவரப் பக்கத்தில் அது எவற்றைச் சார்ந்துள்ளது, அதனை எவை சார்ந்துள்ளன என்னும் இரு பட்டியல்கள் உண்டு. பலர் அதனைச் சார்ந்திருப்பின் கைவைக்க வேண்டாம்.

4. 'எம்எஸ் கான்பிக்' என்னும் கருவியில், மைக்ரோசாப்டின் சர்வீஸ்களை மறைத்துக் காட்டும் ஒரு கட்டம் உண்டு. அதனைக் குறியிட்டால் பிறர் சேர்த்தவை மட்டுமே எஞ்சும். ஆய்வை அங்கே தொடங்குங்கள். அதற்கு முன் அக்கட்டம் குறியிடப்பட்டுள்ளதா என்று இருமுறை பாருங்கள்.

5. முற்றாக முடக்குவதைவிட 'மேனுவல்' என மாற்றுவது மேல். பெயரைக் கண்டு, நாமே கையால் இயக்கவேண்டும் எனக் கருதவேண்டாம். வேறொரு நிரல் அதனை அழைக்கும்போது அது தானே எழும்.

6. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். நாளையும் மாற்றத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாள்கள் பொறுத்து, இடர் ஏதுமின்றேல் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

7. பொறி எழ மறுத்தால் 'சேப் மோட்' என்னும் குறைந்தபட்ச நிலையில் தொடங்கி, மாற்றியதைத் திருத்துங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான திருத்தக் கோப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கியபோது, அவற்றுள் பலவற்றை வல்லுநர்கள் மீட்டதும் இவ்வழியாகவே.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல்

ஆண்டிராய்டு கைப்பேசியில் நினைவகத்தைத் தானே சீராக்கும் ஏற்பாடு உள்ளது. திறந்த செயலிகளை நாள் முழுதும் தள்ளித் தள்ளி மூடுவதால் ஆதாயமில்லை. அவை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் மின்கலமே கூடுதலாகச் செலவாகக்கூடும். 'போர்ஸ் ஸ்டாப்' செய்யப்பட்ட செயலியோ, நாம் மறுபடி திறக்கும்வரை அறிவிப்பு எதையும் தராது. மருந்து உண்ணும் வேளையை முதியோருக்கு நினைவூட்டும் செயலியை இவ்வாறு நிறுத்தினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உண்மையான காரணம் வேறாகவும் இருக்கலாம்

இவ்வளவும் செய்தபின்னரும் பொறி தளர்ந்தே நடக்குமாயின், குற்றம் பின்னணி நிரல்களில் இல்லை. நான்கு கிகாபைட் நினைவகமும் சுழலும் வன்தட்டும் உடைய பழைய பொறியில் எத்தனை சர்வீஸ்களை நிறுத்தினாலும் கிடைப்பது சிறிதே. நினைவகத்தை இரட்டிப்பதும், வன்தட்டுக்குப் பதில் 'எஸ்எஸ்டி' பொருத்துவதும் தரும் பயன் கண்கூடானது. ஒரே பொறியில் இரண்டு நச்சுநிரல் தடுப்பிகள் ஓடுகின்றனவா என்பதையும் பாருங்கள். இரண்டு காவலர் ஒருவரையொருவர் ஐயுறும் வீட்டில் அமைதி இராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிவுற்றன என்பதையும், அத்தகைய பொறி வைத்திருப்போர் கருதிப் பார்க்கவேண்டும்.

வீட்டில் ஒரு மாலை வேளையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து, தொடக்க நிரல்களின் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். "இது எதற்கு? இது யாருக்கு வேண்டும்?" என்று ஒவ்வொன்றையும் வினவுங்கள். விடை தெரிந்தவற்றுள் வேண்டாதனவற்றை நிறுத்துங்கள். விடை தெரியாதவற்றை, தெரியும்வரை விட்டுவையுங்கள். சில நிமிடத் தாமதம் பொறுத்துக்கொள்ளத்தக்கது. இழந்த படங்களையும் கடிதங்களையும் மீட்பது எளிதன்று.